வெயிலுக்கு முந்தைய அரைமணி நேரம்

நெய்வேலிக் காட்டாமணக்கைத் திட்டாத ஆள் டெல்டாவில் கிடையாது. வாய்க்காலை அடைத்துக்கொள்ளும், மாடு வாய் வைக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் இலையைத்தான் நான் பை நிறையப் பறித்துக்கொண்டு கூத்தாநல்லூரிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

என் பிஎச்டி அந்த இலைக்குள் இருந்தது. இலையைக் கொதிக்க வைத்து, வடித்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, வற்றியதும் உலையில் சுட்டால் வெள்ளைப் பொடி கிடைக்கும். துத்தநாக ஆக்சைடு நுண்துகள். அதைச் சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்து நிறம் போக வேண்டும்.

துபாயில் இருந்த என் கணவர் குடும்ப விசா வாங்கி வைத்துவிட்டார். ஆய்வுக் குழு என் முடிவுகளை ஏற்றுக்கொண்டால் மீதியை அங்கிருந்தே எழுதலாம். குழுக் கூட்டம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஆய்வகத்தில் வெயிலுக்குப் பதிலாக வைக்கும் விளக்கு கெட்டுப்போய் மாதக்கணக்காயிற்று. அதனால் மொட்டை மாடி வெயில்தான் கதி. பொடியைப் போட்டதும் முதலில் அரைமணி நேரம் இருட்டில் கலக்க வேண்டும், பொடியில் ஒட்டுகிற சாயம் ஒட்டித் தீரட்டும், பிறகே வெயில் என்பது முறை. ஆனால் அது ஐப்பசி. மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், பீக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். இருட்டு அரைமணியை விட்டுவிட்டேன். நீலத் தண்ணீர் பளிங்காய்த் தெளிந்தது. என் கைடு சந்தோஷப்பட்டு, முடிவுகளின் சுருக்கத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா என் சோதனைக் குழாய்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

"சாயம் போயிடுச்சுன்னு சொன்னீங்க. அடியில பவுடர் நீலமால்ல இருக்கு? தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பொடியை ஸ்பிரிட்டில் கழுவினேன். நீலம் அப்படியே இறங்கி வந்தது. சாயம் சிதையவில்லை, பொடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பொடியை வாய்க்காலில் கொட்டினால் சாயத்தையும் சேர்த்துக் கொட்டியதாகிவிடும். உட்கார்ந்து அழுதேன்.

கைடிடம் சொன்னேன். "அடுத்த வாரம் கமிட்டிம்மா. இப்பப் போய் ஏன் கிளர்றீங்க?" என்றார்.

"இதை வச்சுக்கிட்டு என்னால அங்க நிக்க முடியாது சார். எனக்குத் தள்ளி வைங்க."

அன்றைக்குக் கணவரிடமும் சொன்னேன். "விசா தேதி போயிடும், தெரியுமா? இன்னும் எத்தனை நாளைக்கு இலை பறிச்சுக்கிட்டு இருப்ப?" என்றார்.

"வர்றேங்க. பொய்யை எழுதிக் குடுத்துட்டு வர மாட்டேன்."

போனை வைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினேன். பீக்கரைக் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துக் கலக்குவேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் காயும், உள்ளே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரைமணி முடிந்து கதவைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. அன்றைய சாயத்தைக் கழிவுக் கேனில் கொட்டிவிட்டு அடுத்த நாள் வருவேன். விசா தேதி கடந்துபோனது. தை பிறந்து வெயில் நின்று காய்ந்த பிறகுதான் கணக்குச் சரியாக வந்தது. ஒட்டியதைக் கழித்துவிட்டால், வெயிலில் சிதைந்தது பாதிக்கும் குறைவு.

தள்ளி வைத்த கூட்டத்தில், குழுவில் ஒருவர் பழைய சுருக்கத்தைப் புரட்டினார். "முழுசா போச்சுன்னு எழுதியிருந்தீங்களே?"

"அது தப்புங்க சார். பொடியைக் கழுவிப் பார்க்காம எழுதிட்டேன்."

அரைமணி நேரம் குடைந்து கேட்டார்கள். பிறகு, இதையே எழுதுங்கள் என்றார்கள்.

வெளியே வந்து கணவரைக் கூப்பிட்டேன். "பாதி கூடப் போகலைங்க" என்றேன்.

"போனது நெசமாப் போச்சா?"

"நெசமாங்க."

"சரி. விசாவுக்கு மறுபடி எழுதிப் போடுறேன்."