முனீப் காக்காவின் பாதிப் பயிற்சி

குறிஞ்சாக்கேணியில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் முனீப் காக்காவுக்கு முழங்கால் நோவை விட மேசைச் சாப்பாடுதான் பெரிய நோவு. கலியாண வீட்டில் சனமெல்லாம் பாயில் சப்பாணி கட்டி இருந்து, சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் கூடிச் சாப்பிடும். அவரை மட்டும் கிழடுகளோடு கதிரையில் இருத்தித் தனிக் கோப்பையில் சோறு கொடுப்பார்கள். அதில் இறைச்சியைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டும்.

அந்த ரோசத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனார். பயிற்சி கொடுக்கிற தர்சிகா, மெல்ல இருந்து மெல்ல எழும்பச் சொன்னா. இருப்பது சுகமாக வந்தது. எழும்பத்தான் உயிர் போனது. சஹனுக்கு இருந்தால் போதும்தானே என்று வீட்டில் அந்தப் பாதியை மட்டும் கவனமாகச் செய்தார். மற்றப் பாதிக்கு மனைவி சுபைதாவின் கை இருந்தது.

தம்பி மகனின் வலீமாக் கலியாண விருந்தில் காக்கா ராசா மாதிரிப் பாயில் இருந்து சாப்பிட்டார். மற்றவர்கள் கை கழுவ எழும்பினார்கள். அத்தனை வருசம் சீமெந்து மூட்டை தூக்கிய மனிசனுக்குத் தன்னைத் தூக்க ஏலவில்லை. சுபைதாவோ பெண்கள் பக்கம்.

அடுத்த கூட்டம் வந்து சுற்றி இருந்தது. புதுச் சஹனும் வந்தது.

"காக்கா இன்னும் சாப்பிடல்லையா?"

"இப்பதான் இருந்தனான், தம்பி."

முழங்கால் ஏலாதவன் என்பதை விட வயிறு பெருத்தவன் என்ற பேர் பரவாயில்லை என்று மறுபடியும் கை வைத்தார். கடைசியில் பாய் சுருட்ட வந்தவர்கள்தான் காக்காவையும் சேர்த்துத் தூக்கினார்கள்.

அடுத்த கிழமை தர்சிகா தராசைப் பார்த்தா.

"ஐயா, பாரம் கூடியிருக்கே. பயிற்சி செய்யிறீங்களா?"

"ஓம் பிள்ளை, இருக்கிறது நல்லா வருது. இனி எழும்பப் பழக்கி விடுங்க. இல்லாட்டி இந்த வயிறு தாங்காது."