கடலுக்கு விலா காட்டிய வளையம்

பகலெல்லாம் கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் ஒரு மனுஷன் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா?

"அங்க சுத்தினது போதாதா? பாக்கிற எனக்கே தலை சுத்துது."

கடைத்தெருவில் அவருக்குப் பெரிய பேர். அவர் கட்டிய மோட்டார், கரண்ட் போன பிறகும் அவருக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர், துணி காயப்போடும் மரச்சட்டத்தில் செம்புக் கம்பியை வரிவரியாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வரிக்கு ஒரு தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் மகளுக்காக. நடுக்கடல் தீவில், கப்பல்களுக்குத் திசை காட்டும் ரேடியோ நிலையத்தில் அவளுக்கு வேலை. ஒற்றை ஆள் வேலை. புயல் அடித்ததிலிருந்து போனும் இல்லை, படகும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால், "தகவல் வந்தா சொல்றோம், போங்க" என்கிறார்கள். பொழுது சாயும்போது ஜெனரேட்டரை அவள் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினால்தான் அந்த நிலையம் கத்தும்: நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு. அது கேட்டால் பிள்ளை இருக்கிறாள். ஆனால் அத்தனை தாழ்ந்த அலையைத் தூரத்திலிருந்து பிடிக்க வீட்டு ரேடியோவுக்குக் காது போதாது. அதற்குத்தான் இந்தக் கம்பி வளையம்.

சட்டத்தை ஹால் நடுவில் நிறுத்தி, விருந்தாளியை வரவேற்பதுபோல் ஜன்னல் வழியே கடலுக்கு நேராக முகம் காட்டி வைத்தார். ரேடியோவை இணைத்து, அலை தேடும் கண்டென்சரைத் திருகினார். இரைச்சல். மறுநாளும் இரைச்சல். இன்னும் நாலு சுற்று சேர்த்தார். இரைச்சல் கொழுத்ததுதான் மிச்சம்.

"ஒருவேளை அவளே..." என்று ஆரம்பித்தார்.

"வாயக் கழுவுங்க." ஈரத்துணி வாளியோடு பெண்டாட்டி நின்றாள். "காயப்போட இடமில்ல, நடக்க இடமில்ல. புதுமாப்பிள்ள மாதிரி நட்டநடுவுல நிக்குது. தள்ளி வைங்க."

அவர் அசையவில்லை. அசைய முடியவில்லை. அவளே இடுப்பால் ஒரு இடி இடித்தாள். சட்டம் கிறீச்சென்று பக்கவாட்டில் திரும்பி, விலாவைக் கடலுக்குக் காட்டி நின்றது.

இரைச்சலுக்குள்ளிருந்து மெலிசாய் எழுந்தது: பீ...ப். பிப். பிப்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வளையத்துக்கு விலாவில்தான் காது. இத்தனை நாளும் செவிட்டு முகத்தை அல்லவா கடலுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! ஆயுசு பூரா காயில் கட்டிய ஆள்.

"கைய எடுக்காத!"

"கை வாளியில இருக்கு. இடுப்புதான் இதுல இருக்கு."

"அப்ப இடுப்ப எடுக்காத."

"அடுப்புல வெச்சது தீயுது."

"தீயட்டும்."

சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். வாளியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்தக் கைப்பிடி ரொம்பக் கனம்னு சொல்லுவா" என்றாள் கடைசியில். "பிள்ளைக்குத் தோள் வலிச்சிருக்கும்."