காலர் மைக்கில் ஒரு கரகரப்பு

வியாசர்பாடி புத்த விகாரில் மாதம் ஒரு பேச்சு நடக்கும். அதை வீடியோ எடுப்பவன் செங்குட்டுவன். 2001 கோடையில், வெளியூர்ச் சங்கங்களுக்கு அனுப்பிய இரண்டு கேசட்டுகள் திரும்பி வந்துவிட்டன.

"மூஞ்சி நல்லா தெரிது நைனா, பேச்சத்தான் காணோம்," என்றார் விகாரின் செயலாளர் பரசுராமன். "வர்ற ஞாயிறு ரமாபாய் பேசறாங்க. அதுவும் இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாக்கணும். கோச்சிக்காத."

செங்குட்டுவனுக்குக் கோபமில்லை. கேசட்டில் பேச்சை மூடிய அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல்தான் சோறு இறங்கவில்லை. போன மாதப் பேச்சின் நடுவிலேயே டியூப்லைட்டை அணைத்துப் பார்த்திருந்தான். ஒரு ரீங்காரம் போயிற்று. மின்விசிறியை நிறுத்தினான், இரைச்சல் போயிற்று. கரகரப்பு போகவில்லை. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு நோட்டில் குறித்தான். பேசுபவர் கையைத் தூக்கும்போதுதான் அது வந்தது. இருபத்து மூன்று முறை, ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம்.

ஞாயிறு காலை ரமாபாய் வந்தார். பஞ்சாலையில் முப்பது வருஷம் நூல் சுற்றியவர். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. வெள்ளைப் புடவை அட்டைபோல் விறைத்து நின்றது. உட்கார்ந்தார். அதே நொறுங்கல்!

"அத்தே, புடவைக்குக் கஞ்சி போட்டீங்களா?"

"ரெண்டு தபா போட்டேன். வீடியோ ஆச்சே!"

செங்குட்டுவன் சிரித்துவிட்டான். வீடியோ என்றதும் இதுவரை பேசிய எல்லோரும் கஞ்சி போட்டுத்தான் வந்திருந்தார்கள், ஆண்கள் சட்டைக்குக்கூட.

"தோள்ல மைக் குத்துற எடத்துல மட்டும் தண்ணி தொட்டுக்குங்க."

"ஈரம் வீடியோல தெரியாதா?"

"தெரியும் அத்தே. நீங்க பேசறதும் கேக்கும்."

ரமாபாய் ஒரு நொடி யோசித்துவிட்டு டம்ளரில் விரலை நனைத்தார்.

விசிறியை நிறுத்திய கூடத்தில் ஜனங்கள் துண்டால் வீசிக்கொண்டார்கள். சரசரக்கும் நோட்டீசால் வீசக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தான். ஹெட்போனில் ரமாபாய் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இருபதாவது நிமிஷம் மெல்லிய நொறுங்கல் ஒன்று. ஈரம் காய்ந்துவிட்டது! செங்குட்டுவன் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். ஷிப்டு சங்கு ஊதிய கதையை நிறுத்தாமலே அவர் டம்ளரில் கைவிட்டுத் தோளில் தடவிக்கொண்டார். அடுத்த தடவை அவன் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுமாத நோட்டீசிலும் 'வீடியோ: செங்குட்டுவன்' என்று இருந்தது. அதன் கீழே பரசுராமன் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பேச்சாளர்கள் கஞ்சி போடாத உடையில் வரவும்.'