கையில் எழுதிய நேரம்

அக்காவின் இடது புறங்கையில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே, நீலப் பேனாவால் 10.20 என்று எழுதியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் போர்த்தியிருந்த வெள்ளைத் துணிக்கு வெளியே அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. கடைசி சைபரின் வட்டம் சரியாக மூடாமல் வாய் திறந்திருந்தது. அது அவருடைய எழுத்துதான். இரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் எழுதியதையெல்லாம் கணினியில் ஏற்றியவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் தன் கையில் தானே எழுதிக்கொண்டதை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தென்சென்னையில் உள்ளது, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். அங்கே அவசரச் சிகிச்சைப் பிரிவில் அக்கா பதிவு எழுத்தர், நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் பெயர், வயது, ஊர் எதையும் கேட்பதற்கு முன்னால் அக்கா எழுந்து போய், வந்தவரின் கையைப் பிடித்து அதில் வந்த நேரத்தை எழுதிவிடுவார். சீட்டு அப்புறம்தான். புதிதாக வந்த டாக்டர்கள் சிரிப்பார்கள். "சீட்டு தொலையும் நைனா, கை எங்க போவும்?" என்பார் என்னிடம். அது உண்மைதான். ஸ்கேன் எடுக்க ஒரு பக்கம், ரத்தம் வாங்க ஒரு பக்கம் என்று உறவினர்கள் ஓடும் ஓட்டத்தில் பாதிச் சீட்டுகள் காணாமல் போகும், மீதி நனைந்து கிழியும். கையில் இருந்த நேரம் மட்டும் அழியாமல் டாக்டர் முன்னால் போய் நிற்கும்.

அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. கரையில் இருந்த வீடுகளை எடுத்தபோது நகரத்துக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரே மகள், தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை செக்‌ஷனில் வேலை. மதியம் மகள் போன் செய்வாள். "துன்னியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அக்கா வைத்துவிடுவார்.

அந்தப் பிரிவில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சில பேர் சீட்டுப் போடுவதற்கு முன்னாலேயே, பெஞ்சில் காத்திருக்கும்போதே இறந்துபோவார்கள். டாக்டர் வந்து பார்த்து, உயிர் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் படிவம் நிரப்புவார்கள். அதில் டாக்டர் பார்த்த நேரம் இருக்கும், வந்த நேரம் இருக்காது. அந்த நேரம் எழுதியிருந்த கை அதற்குள் பிணவறைக்குப் போயிருக்கும். வந்த நேரத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. வெளியே வரிசை நீளும், நான் திட்டு வாங்குவேன். எனக்குக் கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரியும் என்ற திமிர் வேறு. ஒரு மத்தியானம் உட்கார்ந்து, வந்த நேரம் காலியாக இருந்தால் டாக்டர் பார்த்த நேரத்தையே அங்கேயும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம். கண்காணிப்பாளர் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா மட்டும் சமோசாவைத் தொடவில்லை. "இன்னா நைனா, பொட்டியே ரொப்பிக்கினு போவுதா?" என்றார். ஆமாம் என்றேன். "காலியா கீதுன்னா நாளைக்கு எவனாவது ஏன்னு கேப்பான். நீ ரொப்பி வெச்சிட்டா எவன் கேப்பான்?"

"உயிரோட இருக்கறவங்கள பாக்கவே நேரம் இல்லக்கா," என்றேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. இப்போது அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு நான் அந்த வேலையை விட்டேன், அக்காவும் ஓய்வு பெற்றார். இப்போது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, அரசு பொதுவெளியில் வைக்கும் தரவுகளை எடுத்து அலசி, பொதுமக்களுக்குப் புரியும்படி அறிக்கையாக எழுதுகிறோம். சென்ற மாதம் ஆஸ்பத்திரிகளின் அவசரச் சிகிச்சைத் தரவு கிடைத்தது. அதில் பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, பின்கோடு, வந்த நேரம், டாக்டர் பார்த்த நேரம், முடிவு என்ன, அவ்வளவுதான். காத்திருக்கும் நேரம் குறைவாக இருக்கும் இடம் எது என்று கணக்குப் போட்டால், எங்கள் பழைய ஆஸ்பத்திரி முதலில் வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நண்பர்களுக்கு உடனே செய்தி அனுப்பினேன்.

எதற்கும் சரிபார்ப்போம் என்று, காத்திருந்த நேரம் குறைந்த வரிகளை மேலே கொண்டுவந்தேன். சைபர், சைபர், சைபர். வந்த நிமிடமும் டாக்டர் பார்த்த நிமிடமும் ஒன்றே. பக்கம் பக்கமாகக் கீழே போனேன், முடியவில்லை. அப்புறம்தான் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அத்தனை வரியிலும் இறப்பு, இறப்பு என்றே இருந்தது. வெளியே நல்ல வெயில், எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஏதோ அத்தனை பேரும் கதவுக்கு வெளியே ஓசைப்படாமல் நின்றிருந்து, டாக்டர் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் உள்ளே வந்தது போல இருந்தது. இந்த வரிகளில் பெரும்பாலானவை நான் அங்கே இல்லாத வருடங்களைச் சேர்ந்தவை. நான் எழுதிய விதியை யாரும் தொடவில்லை. நான் போன பிறகும் அது ஒவ்வொரு நாளும் தன்பாட்டுக்கு ரொப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

தேடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அக்கா இறந்த தேதியைத் தேடினேன். பெண், வயது அறுபத்தொன்று, அந்த மாடிக் குடியிருப்பின் பின்கோடு. வந்தது 11.05. டாக்டர் பார்த்தது 11.05.

அன்று காலை நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார். வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, பழகிய இடம் என்று அக்கா இங்கேயே வந்திருக்கிறார். பெரிய விபத்து ஒன்று வந்து டாக்டர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. பதிவு மேஜையில் இருந்த புதிய பெண்ணுக்கு அக்காவைத் தெரியாது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வந்த நேரத்தைத் தன் கையில் தானே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பழைய வார்டு ஊழியர் ஒருவர் அடையாளம் கண்டு எனக்குப் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளின் போன் கடையின் லாக்கரில் இருந்ததால் அவள் வரத் தாமதமாயிற்று. வந்தவள் அழவில்லை. "அம்மா ரொம்ப நேரம் வெயிட் பண்ணாங்களாண்ணா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வந்த உடனே பாத்துட்டாங்க," என்றேன்.

நான் வாயால் சொன்ன பொய், அரசுத் தரவில் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் பதிவாகியிருந்தது. இரண்டையும் சொன்னது நான்தான்.

அறிக்கையை நிறுத்தச் சொன்னேன். நடந்ததையெல்லாம் எழுதித் துறைக்கு ஒரு கடிதம் அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை. என்னிடம் இருந்த பிரதியில் அந்த வரிகளின் வந்த நேரத்தையெல்லாம் அழித்துக் காலியாக்கினேன். பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் கையில் போன் இருக்கும் என்று கணக்குப் பார்த்து மகளைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு உன்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா. அம்மா முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தாங்க."

டிபன் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"தெரியும்ணா," என்றாள். "கைல எழுதி வெச்சிருந்தாங்களே. குளிப்பாட்டும்போது நான்தான அந்தக் கைய கழுவுனேன். டாக்டர் பாத்த நேரம் சீட்டுல இருந்துச்சி. எனக்குக் கணக்கு தெரியாதா?"

"அப்ப ஏம்மா என்கிட்ட கேட்ட?"

"நான் கையப் பாத்தது வூட்டாண்டதான். அதுக்கு அப்பால நீங்களா சொல்வீங்கன்னு பாத்துகினே இருந்தேன். சோப்பு போட்டுத் தேச்சும் அந்த மை போவலண்ணா. அப்டியேதான் எடுத்துகினு போனாங்க."

போனை வைத்துவிட்டு அக்காவின் வரிக்குப் போனேன். காலியாக இருந்த கட்டத்தில் 10.20 என்று அடித்தேன். பக்கத்தில் நாற்பத்தைந்து நிமிடம் என்று வந்து நின்றது. மேலும் கீழும் மற்ற கட்டங்கள் காலியாகவே இருக்கின்றன. அவர்கள் கைகளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.