டெமா துறைமுகத்தில் ஒரு பத்தடி வட்டம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற ஆள் நான். ஞாயிறு பூசை தவறியதில்லை, அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று குறித்து வைப்பேன். இதை நீங்கள் நம்புவது கஷ்டம்தான். பக்கம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

தொண்ணூற்றேழு, அக்டோபர். அமெரிக்காவில் ஹூஸ்டனில் வேலை, அதன் புறநகர் கேட்டியில் வீடு. துறைமுகங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனம். நான் தூத்துக்குடிக்காரன், என் எதிர் மேசை டெட்டே கானா நாட்டின் டெமாவில் பிறந்தவர். இரண்டு பேருக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டெட்டே அந்தக் காலை இழுத்துத்தான் நடப்பார். தாழ்வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் தலை நிமிராமலே "வாங்க டெட்டே" என்பேன்.

அந்த மாதம் எங்களுக்கு வந்த வேலை, டெமா துறைமுகத்துக்குப் பின்புறம் கொள்கலன்கள் அடுக்கும் களத்தை விரிவாக்குவது. டெமா இன்று பெரிய ஊர். ஆலைகள், மீன்பிடித் துறை, கம்யூனிட்டி ஒன்று, கம்யூனிட்டி இரண்டு என்று எண் போட்ட குடியிருப்புகள். கிரீன்விச்சின் பூஜ்யக் கோடு அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் டெட்டே சிறுவனாக இருந்தபோது அது உப்பங்கழி ஓரத்து மீனவக் கிராமம். சுதந்திரம் வாங்கிய புதிதில், புதிய துறைமுகத்துக்காக ஊரையே பெயர்த்துச் சில மைல் தள்ளி வைத்தார்கள். எங்கள் தெய்வங்கள் இங்கே இருக்கின்றன, வரமாட்டோம் என்று சனங்கள் முரண்டு பிடித்திருக்கிறார்கள். கடைசியில் வீடுகளை இடித்ததும் போக வேண்டியதாயிற்று.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். எனக்குள் அது தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பிரதர், சாமிகளைக்கூட மேளம் அடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் தங்கச்சியைத்தான் விட்டுட்டுப் போயிட்டோம்" என்றார் ஒரு நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தலை, மேற்கே கால் என்று புதைத்திருக்கிறார்கள். ஊர் பெயர்ந்த பிறகு மரமும் போயிற்று, அடையாளமும் போயிற்று. எண்பது தாண்டிய அவருடைய அம்மா புது ஊரில் இருந்தார். தொலைபேசியில் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: நான் போவதற்கு முன்னால் அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டு. இப்போது அந்த இடம் முழுவதும் கான்கிரீட் ஆகப்போகிறது. இன்னும் சில மாதம்தான்.

எங்களிடம் ஒரு வழி இருந்தது. இடிப்பதற்கு முன்பு நஷ்டஈட்டுக்காக அளந்த பழைய பட்டியல். ஒவ்வொரு வீட்டின் மூலையும், கிணறும், மரமும் எண்ணோடு அதில் இருந்தன. அந்த வேப்பமரமும் இருந்தது. அதைப் புதிய வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தால், லாரிகள் நிறுத்தும் இடத்தின் ஓரமாக வந்தது. அங்கே மரம் நட என்று பத்தடி வட்டம் ஒன்றைக் கான்கிரீட் இல்லாமல் விட மேலாளர் ஒப்புக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வரைபடம் போக வேண்டும். வியாழக்கிழமை டெட்டே விமானம் ஏறுவதாக இருந்தார், முளை அடித்துக் காட்ட.

சனிக்கிழமை நான் மட்டும் அலுவலகம் கிளம்பினேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கோபம்.

"ஏங்க, எங்கேயோ ஆப்பிரிக்கால இருக்கிற பிள்ளைக்கு இடம் அளக்குறீங்க. ஹில்கிராஃப்ட் கடைத்தெருல நம்ம காருக்கு ஒரு இடம் பிடிக்கத் தெரியல. அரிசி யாரு தூக்குறது?"

"பத்து கிலோ மூட்டையா வாங்கு. நாலு மணிக்கு வந்துருவேன்."

"நாலுன்னா நாலா? உங்க டைரியில எழுதி வெச்சுட்டுப் போங்க."

நல்ல வெயில். கட்டிடத்தில் யாரும் இல்லை. பிள்ளை படுத்திருக்கும் இடம் நடுவில் வருமாறு வட்டத்தைப் போட்டு, தாளில் அச்செடுத்து மேசையில் விரித்தேன். அப்போதுதான் கேட்டது. கணினி அறைப் பக்கம் கைதட்டல், உடனே ஒரு குதிப்பு. அந்த அறையின் தரை பலகை போட்டு உயர்த்தியது, யாராவது குதித்தால் தொம் என்று அதிரும். குதித்த கால் ஒன்று இழுபட்டது. டெட்டேதான் வந்துவிட்டார் என்று நினைத்து, "டெட்டே, அங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். கதவைத் திறந்தால் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும். மேசைக்குத் திரும்பினேன். மறுபடியும் கேட்டது. பிறகு என் முழங்கை உயரத்திலிருந்து, மிக அருகில், ஒரு பெண்குழந்தை ஏதோ சொன்னது. புரியாத பாஷை. அழுகையோ மிரட்டலோ இல்லை. அம்மா போர்த்திவிட்ட போர்வை சரியில்லை என்று பிள்ளைகள் சொல்லுமே, அந்தக் குரல்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அங்கே என் கை பழக்கப்படி நாட்குறிப்பை எடுத்தது. கேட்ட சொற்களைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதினேன். மணி மூன்று நாற்பது. சத்தங்களையும் ஒன்றுவிடாமல் குறித்தேன்.

திங்கட்கிழமை டெட்டேயிடம், "சனிக்கிழமை வந்தீங்களா?" என்றேன்.

"நானா? இங்க அலீஃப் ஏரியால எங்க ஆளுங்க வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் வரை சாப்பாட்டுப் பந்தியை விட்டு நகரல."

நாட்குறிப்பைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் வாசித்தேன். அவர் காப்பியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"எங்க வீட்டு பாஷை, பிரதர். 'என் காலு வெளியில இருக்கு'ன்னு சொல்றா."

அவர்கள் பாஷையில் அந்த வரியை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அதற்கு மேல் என் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவும் இல்லை. இருவரும் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து பார்த்தோம். பதினொன்றரைக்குத் தவறு கிடைத்தது. தவறு என்னுடையது.

பழைய பட்டியல் அடியில் இருந்தது, ஆங்கிலேயர் காலத்தில் அந்த நாட்டுக்கென்றே வைத்திருந்த அடி. எங்கள் கணினியில் அமெரிக்க நில அளவை அடி. டெக்சாஸ் வேலைக்கு எப்போதும் அதுதான், மாற்ற மறந்துவிட்டேன். ஓர் அடிக்கு வித்தியாசம் தலைமுடிக் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த அளவை மேற்கே வெகுதூரத்திலிருந்து தொடங்குகிறது, அங்கிருந்து டெமாவை அடையப் பன்னிரண்டு லட்சம் அடிக்கு மேல் எண்ணிக்கொண்டு வர வேண்டும். அத்தனையும் சேர்ந்து வட்டத்தை நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிழக்கே தள்ளியிருந்தது. பென்சிலால் ஆறு வயதுப் பிள்ளையின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். தலை உள்ளே, மார்பு உள்ளே, முழங்கால் உள்ளே. பாதம் மட்டும் மேற்கே, கான்கிரீட்டுக்கு அடியில்.

டெட்டே அந்தத் தாளில் பாதம் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

திருத்திய வரைபடம் செவ்வாயன்று போயிற்று. சனிக்கிழமை காலை அவர் டெமாவிலிருந்து வீட்டுக்கு அழைத்தார். பின்னால் லாரிகளின் ஹாரன்.

"முளை அடிச்சாச்சு பிரதர். அம்மாவை நாற்காலியோட தூக்கிட்டு வந்தோம். செருப்பைக் கழட்டிட்டு மண்ணுல காலை வெச்சா. தண்ணி ஊத்தினா. அப்புறம் என்னைப் பார்த்து, 'அவ விளையாடக் கூப்பிட்டப்பல்லாம் பொண்ணுங்க விளையாட்டுன்னு ஓடினியே, இப்ப விளையாடுடா'ங்கிறா."

"என்ன விளையாட்டு?"

"ரெண்டு பேர் எதிர் எதிரா நின்னு, கை தட்டி, குதிச்சு, ஒரு காலை முன்னால நீட்டணும். யார் எந்தக் காலை நீட்டினாங்கன்னு பார்த்து ஜெயிச்சது யாருன்னு சொல்லுவாங்க. லாரி டிரைவருங்க எல்லாம் பார்க்க, இந்த வயசுல, எதிர்ல யாருமே இல்லாம! மூணு குதிதான். முழங்கால் போச்சு, உட்கார்ந்துட்டேன். அம்மா சிரிச்சுச் சிரிச்சு இருமலே வந்துருச்சு."

போனை வைத்துவிட்டு நாட்குறிப்பை எடுத்தேன். முந்தின சனிக்கிழமையின் பக்கம், என் கையெழுத்து, நீல மை. "பெரிய கையும் சிறிய கையும் சேர்ந்து தட்டும் ஒலி. குதிப்பு, ஒரு கால் இழுபடுகிறது. மூன்று முறை. வயதான பெண் ஒருத்தி சிரிக்கிறாள், இருமுகிறாள்."

அவர் விமானம் ஏறுவதற்கு ஐந்து நாள் முன்பு எழுதியது.

அவர் திரும்பி வந்ததும் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். சிறிய கை என்று நான் காட்டிய சொற்களை விரலால் தொட்டுப் பார்த்தார், தமிழ் படிக்கத் தெரியாதவர். அழுதார், சிரித்தார். அந்த வருடக் கடைசியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார், நிம்மதியாக.

ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அவருக்கு நான் வாசிக்கவில்லை, இன்றுவரை.

"நான்காவது முறை சிறிய கை மட்டும் தட்டியது. பிறகு வெகுநேரம் காத்திருந்தாற்போல ஒரு நிசப்தம்."