மாடிவீட்டில் பதினேழு

வைத்திக்குப்பம் பக்கம் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். வெயிலில் தோல் உரிந்த மூக்கு, காதில் செருகிய பென்சில். எதையும் விரலால் தடவிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். மாடிச் சமையலறையில் என் மனைவி பாலோடு காத்திருந்தாள். இவரோ சுவர் சுவராகத் தடவி, விரிசல், ஆணி ஓட்டை, ஆடும் தாழ்ப்பாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். நான் மணியைப் பார்த்தபடி பின்னாலேயே அலைந்தேன். பதினேழு எழுதி முடித்ததும் கையெழுத்துக் கேட்டார்.

“குடி வந்தீங்களா, குத்தம் கண்டுபிடிக்க வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“எங்க ஊர்ல முதல்ல இதுதான். எழுதலன்னா, போகும்போது எல்லாம் நான் உடைச்சதுன்னு சொல்வீங்க” என்றார், கற்றுக்கொண்ட தமிழில்.

“நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க.”

“இன்னைக்கு இல்ல” என்றார்.

சுருக்கென்றது. அதற்குள், “மணி ஆவுதுங்க!” என்று மனைவி கத்தினாள். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தேன். பால் பொங்கியபோது அவர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

ஒரு வருஷம் இருந்தார். காலி செய்த அன்று அதே தாளோடு இருவரும் சுற்றிவந்தோம். பதினேழுதான். அதற்குப் பிறகும் நான் கதவிடுக்கு, ஜன்னல் ஓரம் என்று தடவிக்கொண்டிருந்தேன். பதினெட்டாவதாக ஒன்றை எதற்காகத் தேடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பினால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.