என் இடது கண்ணுக்கு வந்த போன்

என் இடது கண்ணில் புரை விழுந்ததை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் மனைவி. ஒரு நாள் மாலை வாசலில் நின்ற பச்சைக் குப்பைத் தொட்டியைப் பார்த்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க?" என்று நான் விசாரித்ததை அவள் கேட்டுவிட்டாள். அன்றே பள்ளி வேனின் சாவி என் கையை விட்டுப் போனது. மலேசியாவில், ஈப்போ நகரில் பல வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவன் நான். கண் சரியாகும்வரை மனைவியின் தம்பி வேனை ஓட்டுவது என்று அக்காளும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

என் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது. மச்சான் முதல் வேலையாக வேனைக் கழுவினான். என் காலத்தில் அந்த வேலையை மழைதான் பார்த்துக்கொண்டது. அதோடு விட்டானா? சீட்டுகளுக்குப் புது உறை போட்டான். இரவல் வேனுக்கு எவனாவது உறை போடுவானா? பிள்ளைகளின் அம்மாக்கள் வேறு, புது அங்கிள் நேரத்துக்கு வருகிறார் என்று என் மனைவியிடமே பாராட்டியிருந்தார்கள். கண் சரியாவதற்குள் வேன் ஓட்டம் கைமாறிவிடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாட்களில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்த வருஷத்துக்குத் தேதி கொடுத்தார்கள். செலவு மிகச் சொற்பம் என்றார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மச்சான் அதில் எண்ணெய் ஊற்றினான்.

"இவ்ளோ மலிவுக்குக் கண்ணுக்குள்ள என்னலா வைப்பாங்க மச்சான்? பழைய மூக்குக் கண்ணாடிய வெட்டி வைப்பாங்களோ?"

நான் பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ரோஸ் கலர் மருந்தை ஊற்றுவார். மலிவு வைத்தியம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் அந்தக் கசப்பு தொண்டைக்கு வந்துவிடும்.

சரி, தனியாரையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று போனோம். குளிர்ந்த கூடம், மெத்தை நாற்காலி, இலவசக் காப்பி. "குடிக்காதே, எல்லாம் பில்லில் வரும்" என்று மனைவியைத் தடுத்தேன். லென்ஸில் மூன்று ரகம் காட்டினார்கள், கைப்பேசிக் கடை மாதிரி. விலையைக் கேட்டதும் நிலைமை புரிந்துவிட்டது. வேனை விற்றால் கண் கிடைக்கும். கண் கிடைத்த பிறகு ஓட்ட வேன் இருக்காது. அந்த வேனை வாங்க எவன் முதலில் வருவான் என்று யோசித்ததும் எழுந்துவிட்டேன். பில் போடும் முன்பே கிளம்புவதால் இரண்டு கப் காப்பி குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அந்தப் போன் வந்தது.

இப்போதெல்லாம் தெரியாத நம்பர் அடித்தாலே இங்கே எல்லாரும் மோசடிக்காரன் என்றுதான் நினைப்போம். கோர்ட்டில் கேஸ் என்பான், உன் பார்சலில் போதைப்பொருள் என்பான், அடையாள அட்டையின் ஐசி நம்பரைக் கேட்டு பேங்கைத் துடைத்துவிடுவான். வேலை தருவதாக நம் பிள்ளைகளையே கம்போடியாவுக்குக் கூட்டிப்போய், அடைத்துவைத்து இப்படிப் பேசவைக்கிறார்களாம்.

போனில் ஒரு பெண் மலாயில் பேசினாள். அரசாங்க ஆஸ்பத்திரி கண் கிளினிக்காம். ஒருவர் வர முடியாததால் அடுத்த செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷனுக்கு ஓர் இடம் காலியாம். வருவேனா, ஐசி நம்பர் என்ன என்றாள். அரசாங்கம் வரிசையைத் தாண்டி என்னைத் தேடி வருகிறதா? "புளுகுறா பாரு" என்று தமிழில் முனகினேன். அது அவள் காதில் விழுந்ததும் அவளும் தமிழுக்கு மாறினாள். என் சந்தேகம் தீர்ந்தது.

"தங்கச்சி, கம்போடியாவுல எந்த ஊரு?"

"அங்கிள், நான் ஈப்போல இருந்துதான் பேசுறேன்."

"பக்கத்துல ஆள் நிக்கிறானா? பாஸ்போர்ட்ட பிடுங்கிட்டாங்களா? ஆமான்னா ஒரு தடவ இருமு, நான் போலீஸ்ல சொல்றேன்."

அவள் நிஜமாகவே இருமினாள். சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"அங்கிள், விளையாடாதீங்க. உங்களுக்குச் சளி, இருமல் ஏதும் இருக்கா?"

பக்கத்தில் ஆள் நிற்பது உறுதி என்று போனை வைத்துவிட்டேன். திரும்ப அடித்தாள். நம்பரை பிளாக் செய்தேன்.

மாலையில் மனைவியிடம் இதை வீரக்கதையாகச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"காசு கேட்டாளா?"

"இல்ல."

"பேங்க் நம்பர்?"

"அதுக்குள்ள நான் வச்சிட்டேன்லா."

"சளி இருக்கான்னு கேட்டாளே, அது எதுக்கு? எந்தத் திருடன் சளி விசாரிப்பான்?"

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்துவிட்டாள், கொஞ்சம் வேகமாக.

மறுநாள் காலை மனைவி என்னைக் கண் கிளினிக்குக் கூட்டிப்போனாள். கவுண்டரில் என் பெயரைச் சொன்னதும் உள்ளே இருந்த தாதி நிமிர்ந்தாள். அதே குரல்.

"கம்போடியா அங்கிளா?"

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்களும் திரும்பினார்கள். என் புகழ் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது. அந்த இடம் நேற்றே போய்விட்டது என்றாள்.

"யாருக்குப் போச்சு? கேபிள் உள்ள ஆளா?" என்றேன். மேலிடத்தில் ஆள் வைத்திருப்பதைத்தான் இங்கே கேபிள் என்போம்.

"லிஸ்ட்ல உங்களுக்கு அடுத்த ஆளுதான். தெலுக் இந்தான் பக்கம் எஸ்டேட்டு அம்மா. பஸ் மாறி மாறி வரணும். ஐசி கேட்டேன், சொன்னாங்க. வாரேன்னாங்க. அவ்வளவுதான் அங்கிள்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரிசை ஒழுங்காக நகர்ந்திருக்கிறது. அன்றைக்குப் பார்த்து நான் வரிசையை விட்டு வெளியே நின்றிருக்கிறேன். அந்த அம்மாவைத் திட்டவும் வழியில்லை.

"இன்னொரு இடம் வந்தா கூப்பிடுறேன். எடுப்பீங்களா?" என்றாள் தாதி.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முன்னால் வந்தாள். "இவரு நம்பர அழிச்சிட்டு என் நம்பரப் போடுமா."

அதிலிருந்து மனைவியின் போன் அடித்தால் நான் அவள் பின்னால் போய் நிற்பேன். பெரும்பாலும் மச்சான்தான். அவள் அடுக்களைக்குள் போய்த் தம்பியோடு மெதுவாகப் பேசுவாள். என்ன பேச்சு என்று கேட்டால், "டயர் மாத்தணுமாம்" என்பாள். டயருக்கு எதற்கு மெதுவாகப் பேசவேண்டும்?

போன வாரம் அடித்தது. அவள் எடுத்து, என் ஐசி நம்பரை முழுசாக, மனப்பாடமாகச் சொன்னாள்.

"யாருன்னு கேளுலா!" என்றேன்.

கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, கடைசிவரை கேட்டு, நன்றி சொல்லி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். தம்பி பிள்ளைங்கள ஸ்கூல்ல இறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போவான்."

"என் வேன்லயா?"

"வேற எதுல?"

"அப்ப முன்னாடி சீட்டு எனக்கு. சொல்லி வை," என்றேன்.